ஏன் என்று கேட்கிற உத்தியோகம்

கேள்வியக்கா ஒரு நாளைக்கு நூற்றிருபது பேரைத் தொலைபேசியில் கூப்பிடுவாள். அதில் தொண்ணூறு பேர் "இப்ப நேரமில்லைங்க" என்பார்கள். இருபது பேர் அதைக்கூடச் சொல்லாமல் வைத்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் பத்துப் பேரிடம் அவள் இருபத்திரண்டு கேள்விகள் கேட்பாள். சில மாதங்களில் பற்பசையைப் பற்றி, சில மாதங்களில் வங்கிகளைப் பற்றி, தேர்தல் வந்துவிட்டால் வேட்பாளர்களைப் பற்றி. வாசலில் கருத்துக் கணிப்பு நிறுவனம் என்று பலகை தொங்கும். உள்ளே நீளமாக ஓர் அறை, முப்பது மேசைகள், மேசைக்கு மேசை சாம்பல் நிறத் துணி ஒட்டிய தடுப்பு, தலைக்குத் தலை ஹெட்போன்.

அந்த அறையின் கோடியில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து நான் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன். தப்பாக நினைக்க வேண்டாம், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். பதிவான அழைப்புகளில் ஐம்பதுக்கு ஒன்றை எடுத்துக் கேட்பேன். கேள்வியை எழுத்து மாறாமல் படித்தார்களா, நடுவில் சொந்தக் கருத்து எதையாவது நுழைத்தார்களா என்று பார்த்துக் குறிப்பு எழுதுவேன். அக்காவின் கதையில் பாதி எனக்கு அப்படிக் காதுவழியாக வந்தது. மீதியை அவளே சொன்னாள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் பதினொரு வருடம் அவள் ஒரு பல்பு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தாள். இருட்டறையில் உட்கார்ந்திருப்பாள். எதிரே பெல்ட்டில் எரிகிற பல்புகள் வரிசையாக நகரும். நிமிடத்துக்கு நாற்பது. எதுவாவது கண் சிமிட்டினால் காலடியில் இருக்கும் மிதியை அழுத்த வேண்டும், அந்தப் பல்பு குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். ஏழு வருடத்துக்கு முன்னால் தொழிற்சாலையை மூடினார்கள். ஓர் அமைச்சர் வந்து மறுபயிற்சி என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதக் கணினி வகுப்பு நடந்தது. அதில் முதல் இரண்டு வாரம் கணினியை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்பதிலேயே போனது. கடைசியில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அக்கா அதைச் சுவரில் மாட்டவில்லை, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். ஆனாலும் அதைக் காட்டித்தான் எங்கள் அலுவலகத்தில் வேலை கிடைத்தது.

அவள் வந்து ஆறு வருடம் ஆனபோது தேர்தல் வந்தது. எங்கள் படிவத்தில் வேட்பாளர்களுக்கு எண்தான். ஒன்று, அப்போது ஆட்சியில் இருந்தவர். இரண்டு, அவருக்கு முன்னால் ஆட்சியில் இருந்தவர். மூன்று, அந்த இரண்டு பேரையும் திட்டுகிறவர். அலுவலகத்தில் எல்லோரும் எண்ணாலேயே பேசிப் பழகிவிட்டதால் வீட்டிலும் எங்களுக்கு அவர் மூன்றாம் ஆள்தான்.

மூன்றாம் ஆளுக்கு ஒரே ஒரு பேச்சு. "வீட்டுக்காரன் யாரு, விருந்தாளி யாரு?" விருந்தாளி என்று அவர் சொன்னது, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டிலிருந்து இருபது முப்பது வருடமாக வந்து குடியேறியவர்களை. மேடையில் நின்று நிதானமாகச் சட்டைக் கையை மடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "விருந்தாளி கிளம்பற நேரம் வந்தாச்சே," என்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அக்காவுக்குப் பக்கத்து மேசைக்காரி அப்படி ஆற்றைத் தாண்டி வந்தவள். பத்தொன்பது வயதில் வந்தாள், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். குடியுரிமை, வாக்கு எல்லாம் உண்டு. அவளுக்கு அலுவலகத்தில் தேன்குரல் என்று பெயர், அக்காவுக்கு மட்டும் தேனு. அவள் பேசினால் யாரும் போனை வைக்க மாட்டார்கள். பற்பசைக் கணிப்பின்போது ஒருவர், பல் ஒன்றுகூட இல்லாதவர், அவள் குரலுக்காகவே இருபத்திரண்டு கேள்விக்கும் பதில் சொன்னார்.

தேர்தல் சமயத்தில் அவளிடமே எத்தனையோ பேர் விருந்தாளிகளைத் திட்டுவார்கள். ஒரு நாள் ஒருத்தர், "அவங்களை ஈசியா கண்டுபிடிச்சிடலாம்மா. வாயைத் திறந்தாலே போதும், நாக்கு வேற மாதிரி இருக்கும்," என்றார்.

"அப்படிங்களா, குறிச்சுக்கறேங்க," என்றாள் தேன்குரல், தேனில் ஒரு சொட்டும் குறையாமல்.

மதியம் மாடிப்படித் திருப்பத்தில் ஜன்னலோரம் இரண்டு பேரும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கவைப்பது தேன்குரல். அக்கா சிரித்துக்கொண்டே வாயில் இருப்பதை விழுங்கச் சிரமப்படுவாள்.

யாருக்கு வாக்கு என்று கேட்டுவிட்டால் போதாது, ஏன் என்றும் கேட்க வேண்டும். அதற்கு எட்டுக் கட்டங்கள் இருந்தன. விலைவாசி, வேலைவாய்ப்பு, குடியேற்றம், பாதுகாப்பு, கட்சிப் பற்று, ஊழல் எதிர்ப்பு, தலைமைப் பண்பு, தெரியவில்லை. எதிலும் அடங்காவிட்டால் ஒன்பதாவதாக மற்றவை. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஒன்று, இரண்டு என்கிறவர்கள் நான்கு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். மூன்று என்கிறவர்கள் முதலில் குரலைத் தாழ்த்துவார்கள், பின்னால் யாரோ நிற்பது போல. ஏன் என்று கேட்டதும் கால்மணி நேரம் பேசுவார்கள். அவர்களை யாரோ ஏன் என்று கேட்டதே அவர்களுக்கு ஒரு பெரிய விஷயமாக இருந்தது.

"அவர் பேசறது எனக்கும்தான் பிடிக்கலை," என்றார் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். "ஆனா டிவியில அவர் வந்தா என் தம்பி முகம் சுருங்குது பாருங்க. அவன் பெரிய ஆபீசர். நாப்பது வருஷமா நான் சொன்ன எதுக்கும் அவன் முகத்துல ஒரு மாத்தமும் வந்ததில்லை."

"இதைத் தலைமைப் பண்புன்னு போட்டுக்கலாங்களா?" என்றாள் அக்கா.

"எதுலயாச்சும் போட்டுக்கம்மா. அவன் முகம் சுருங்கணும், அவ்வளவுதான்."

ஒரு தையல்காரம்மா சொன்னாள்: "மத்த ரெண்டு பேரும் ஒரு வாக்கியம் முடிக்கறதுக்குள்ள நான் சட்டைக்கு அஞ்சு காஜா எடுத்துடறேன். இவர் பட்டுனு சொல்லிடறார்."

"என்ன சொன்னார்?"

"அது ஞாபகமில்லை. பட்டுனு சொன்னார்."

படிவத்தில் இல்லாத கேள்வியை அக்கா கேட்டதாக நான் அன்று குறிப்பு எழுத வேண்டியதாயிற்று. எழுதும்போது எனக்கும் சிரிப்பு வந்தது.

லாரி ஓட்டுகிறவர் ஒருவர் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைத்திருந்தார். "இவர் ஜெயிச்சாலும் ஒண்ணும் செய்யமாட்டார்னு தெரியுங்க. எல்லாருமே செய்யாதவங்கதான். இவராவது நாலு பேரைத் திட்டிட்டு செய்யாம இருப்பார். மனசு ஆறும்."

வாரக் கடைசியில் மேற்பார்வையாளன் அக்காவின் மேசைக்கு வந்தான். புள்ளியியல் படித்த இளைஞன், இருபத்தேழு வயது. டீ எப்படி என்று கேட்டால்கூடத் தசமப் புள்ளி வைத்துச் சொல்லக்கூடியவன் என்பதால் அவனுக்குச் சதவீதம் என்று பெயர். நேரில் சார் என்போம். அக்கா மட்டும் தம்பி என்பாள்.

"மேடம், உங்க மற்றவை மட்டும் பதினொண்ணு புள்ளி நாலு. மூணு சதவீதத்துக்கு மேல போனா ரிப்போர்ட் நிக்காது."

"நான் என்ன தம்பி பண்றது. ஜனங்க கட்டத்துக்குள்ள உக்கார மாட்டேங்கறாங்க."

"உக்கார வைக்கறதுதான் மேடம் நம்ம வேலை."

அக்கா உட்காரவைக்கக் கற்றுக்கொண்டாள். லாரிக்காரர் ஊழல் எதிர்ப்பில் போய் உட்கார்ந்தார். தையல்காரம்மா தெரியவில்லையில் உட்கார்ந்தாள். யாருக்கு என்பதையே முனகிக்கொண்டு சொன்னவர்களையும், சொல்லலாமா வேண்டாமா என்று இழுத்தவர்களையும் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று போட்டுவிடச் சொன்னான் சதவீதம். போட்டார்கள். படிவம் பார்க்க அழகாக இருந்தது.

இப்படி ஊரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, தான் யாருக்கு என்று அதுவரை யோசிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மூன்றாம் ஆள் அவளுடைய பழைய தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். அன்று அவளுக்கு விடுமுறை. அவள் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக், ஒரு நாளைக்குப் பத்து வாக்கியத்துக்கு மேல் செலவழிக்காதவர். "சும்மா பாத்துட்டு வந்துடறேங்க," என்றாள். அவர் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, தானும் ஓரமாக நின்றார்.

பூட்டிய கேட்டுக்கு முன்னால் லாரியை நிறுத்தி அதன் மேல் ஏறி நின்றார் மூன்றாம் ஆள். கூட்டத்தில் பாதி, பழைய சோதனைப் பிரிவுப் பெண்கள். ஏழு வருடத்தில் எல்லோருக்கும் மூக்குக்கண்ணாடி வந்திருந்தது.

"இந்தச் சுவத்துக்குள்ள எரிஞ்ச ஒவ்வொரு பல்பையும் ஒரு பொண்ணோட கை தொட்டுத் தடவிப் பாத்துத்தான் உங்க வீட்டுக்கு அனுப்பியிருக்கு," என்றார் அவர். "அந்தக் கைங்க இப்ப எங்கே? எப்படி இருக்குன்னு யாராவது வந்து கேட்டாங்களா?"

அந்தத் தொழிற்சாலையில் பல்பைக் கையால் தொடக்கூடாது. அதுதான் முதல் விதி. விரல் ரேகை பட்டால் கண்ணாடி கறுத்துவிடும். ஒரு தடவை உருண்ட பல்பைப் பிடித்ததற்காக அக்காவுக்கே எச்சரிக்கை ஓலை வந்திருக்கிறது. அவள் பக்கத்தில் நின்றவளிடம் மெதுவாக, "தொடக்கூடாதே," என்றாள்.

"தொடவே கூடாது," என்றாள் அவள்.

இரண்டு பேரும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிறகு மூன்றாம் ஆள் சட்டைக் கையை மடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். இதை அவள் என்னிடம் மறைக்கவில்லை. சிரிப்பின் நடுவில் தேன்குரல் ஞாபகம் வந்து பாதியில் நின்றுவிட்டதாம். "ஆனா சிரிச்சது சிரிச்சதுதானே," என்றாள்.

திரும்பும் வழியில் மெக்கானிக் வாயைத் திறந்தார். "தப்பாத்தானே சொன்னார்?"

"தப்புதான்."

"அப்புறம் ஏன் கண்ணைத் துடைச்சே?"

"காத்து."

அன்றைக்கான வாக்கியங்கள் தீர்ந்துவிட்டதால் அவர் மேலே எதுவும் கேட்கவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். தலைநகரில் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் இரண்டு நிமிடம், அப்புறம் நாடு.

"மூணாம் ஆளுக்குப் போடறவங்களுக்கு என்ன நடக்குதுன்னே தெரியாதும்மா. சர்வே பாத்தேன். பாதிப் பேருக்கு ஏன்னு சொல்லக்கூடத் தெரியலை."

"அந்த சர்வே எடுத்ததே நான்தான்டி."

"அப்ப உனக்கே தெரியும்ல?"

தையல்காரம்மாவைத் தெரியவில்லையில் உட்காரவைத்த கை தன்னுடையது என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. "அவங்களுக்கும் ஏதோ இருக்கும்டி," என்று மட்டும் சொன்னாள்.

"உனக்கு அது புரியாதும்மா. அதுக்கெல்லாம் வரலாறு தெரிஞ்சிருக்கணும்."

மகள் அதைப் பிரியமாகத்தான் சொன்னாள். ஆனாலும் அந்த வாரம் முழுக்க அக்கா பாத்திரங்களைச் சற்று ஓசையோடு கழுவினாள் என்று மெக்கானிக் பிற்பாடு சொன்னார்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு புதன்கிழமை அக்கா லீவு போட்டு வீட்டில் இருந்தாள். எங்கள் அலுவலகத்தில் யாரைக் கூப்பிடுவது என்று ஆள் தீர்மானிப்பதில்லை. இயந்திரம் ஏதோ ஓர் எண்ணைப் பொறுக்கிச் சுழற்றும், எடுத்தால் யார் காதில் இடம் இருக்கிறதோ அவர்களுக்குக் கொடுக்கும். மெக்கானிக்கின் தொழிலுக்காக அக்கா வீட்டில் இன்னமும் பழைய கம்பி போன் ஒன்று இருந்தது. மதியம் மூன்று மணிக்கு இயந்திரம் அந்த எண்ணைப் பொறுக்கித் தேன்குரலின் காதில் போட்டது. மறுநாள் என்னிடம் வந்த பதிவுகளில் அதுவும் இருந்தது.

"வணக்கம், நான் கருத்துக் கணிப்பு நிறுவனத்துலேருந்து பேசறேன். உங்களோட பத்து நிமிஷம்..."

"ஹலோ," என்றாள் அக்கா.

அந்த ஒரு சொல்லில் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தவர்கள் எடுத்தால் தகுதியற்ற எண் என்று போட்டு வைத்துவிட வேண்டும், அதுதான் விதி. தேன்குரல் வைக்கவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். "தெரிஞ்சுக்கணும் போல இருந்துச்சு," என்றாள். அக்காவும் வைக்கவில்லை. அவளிடமும் கேட்டேன். "ஆறு வருஷமா ஊரையெல்லாம் நான் கேக்கறேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லையே," என்றாள்.

"உங்க வயசு சொல்ல முடியுங்களா?"

"நாப்பத்தேழுங்க."

"என்ன தொழில் பண்றீங்க?"

"கேள்வி கேக்கறது."

"அதுக்குக் கட்டம் இல்லைங்க. அலுவலக உதவின்னு போடறேன். நாளைக்கே தேர்தல் நடந்தா யாருக்கு வாக்களிப்பீங்க? ஒன்று, இரண்டு, மூன்று, இன்னும் முடிவெடுக்கவில்லை."

பதிவில் பதினொரு விநாடி பேச்சே இல்லை. நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பின்னால் எங்கேயோ, பழுது பார்க்க வந்த ஃபிரிட்ஜ் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

"மூணு," என்றாள் அக்கா. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

விசைப் பலகையில் ஒரு சத்தம். "ஏன்னு சொல்ல முடியுங்களா? எட்டுக் காரணம் படிக்கறேன்." எட்டையும் ஒன்று விடாமல் படித்தாள்.

"இதுல எதுவும் இல்லைங்க," என்றாள் அக்கா. "அவர் எங்க கேட்டுக்கு வந்தாரு. மூடினதுலேருந்து அந்தப் பக்கம் யாருமே வரலை. பஸ்ஸைக்கூட வேற ரோட்டுல திருப்பி விட்டுட்டாங்க. இவர் வந்து நின்னு தப்புத் தப்பாச் சொன்னாரு. ஆனா எங்களைப் பத்திச் சொன்னாரு. மத்த ரெண்டு பேரும் எல்லாம் சரியாத்தான் சொல்றாங்க, வேற யாரைப் பத்தியோ சொல்றாங்க."

"மற்றவைன்னு போடட்டுங்களா?"

"இன்னைக்கு அதுல எடம் இருக்கா?"

"உங்களுக்கு ஒண்ணு போட்டுக்கறேன்."

கொஞ்ச தூரம் சுமுகமாகப் போனது. பத்தொன்பதாவது கேள்வி வந்தது. தேன்குரல் அதே நிதானத்தில் படித்தாள். "குடியேறியவங்க நாட்டை விட்டுப் போகணும்னு மூன்றாம் வேட்பாளர் சொல்றதை நீங்க ஆதரிக்கிறீங்களா? முழுமையாக, ஓரளவு, இல்லவே இல்லை."

"இல்லவே இல்லை," என்றாள் அக்கா, கேள்வி முடிவதற்குள்.

"அப்படின்னா அவருக்கு எப்படிங்க போடுவீங்க?"

இது படிவத்தில் கிடையாது.

"அதெல்லாம் அவர் செய்யமாட்டார் தேனு. சும்மா கை தட்டறதுக்குப் பேசறது."

"செய்யமாட்டார்ங்கறதுக்குக் கட்டம் இல்லைங்க," என்றாள் தேன்குரல். பிறகு, "இன்னும் மூணு கேள்வி இருக்கு," என்றாள். மூன்றையும் கேட்டாள், அக்கா மூன்றுக்கும் பதில் சொன்னாள். "உங்க நேரத்துக்கு நன்றி," என்று முடிந்தது.

நியாயப்படி நான் குறிப்பு எழுதியிருக்க வேண்டும், இரண்டு குற்றம். ஐம்பதுக்கு ஒன்று என்றுதான் விதி சொல்கிறது, எந்த ஒன்று என்று சொல்லவில்லை. நான் வேறொரு பதிவை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் அக்கா மாடிப்படித் திருப்பத்தில் தனியாக டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேன்குரல் மேசையிலேயே சாப்பிட்டாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரரும் மூணுதான் அக்கா."

"யாரு, வேன் ஓட்டற அண்ணனா? அவரும் ஆத்தைத் தாண்டி வந்தவர்தானே?"

"அதான். நாம வந்து இருபது வருஷம் ஆச்சு, நாம வீட்டுக்காரங்க, நேத்து வந்தவனைத்தான் அவர் சொல்றார்ங்கறார். கண்ணாடி முன்னால நின்னு தலை சீவிக்கிட்டே சொல்றார்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தேன்குரலும் சிரித்தாள்.

"அப்ப உன் ஓட்டு?"

"ரெண்டு. அவர் என்ன சொன்னார்னு கேக்காதீங்க, எனக்கும் ஞாபகமில்லை."

சிரிப்பு ஓய்ந்த பிறகு தேன்குரல் டப்பா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரை நல்லாத் திட்டிட்டேன். கட்டின புருஷன், திட்டலாம். உங்களை என்ன பண்றதுன்னுதான் தெரியலை. அதான் ரெண்டு நாளா வரலை."

"என்னையும் திட்டேன்."

"யோசிச்சுப் பாத்தேன். வார்த்தை வரலை."

அதன் பிறகு ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். ஆனால் போனில் கேட்ட பேச்சுகளைத் தேன்குரல் கதையாகச் சொல்வது நின்றுவிட்டது. வானிலை, பிள்ளைகள், முதுகு வலி என்று பேசிக்கொண்டார்கள்.

தேர்தல் நாளில் அக்காவும் மெக்கானிக்கும் காலையிலேயே போய் நின்றார்கள். அக்கா மூன்றுக்குப் போட்டாள். கை நடுங்கியதா என்று கேட்டேன். "நடுங்கினா என்ன, சரியான எடத்துலதான் போட்டேன்," என்றாள். மெக்கானிக் யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "ஃபிரிட்ஜுக் கதவைச் சாத்தினப்புறம் உள்ள லைட் எரியுதா இல்லையான்னு யாராவது கேப்பாங்களா?" என்பாராம்.

எங்கள் கணிப்பில் மூன்றாம் ஆளுக்கு முப்பத்தொன்று புள்ளி ஆறு. வந்தது நாற்பத்து நான்கு. நாட்டுக்கே அவர் தலைவரானார். சதவீதம் மூன்று நாள் சவரம் செய்யாமல் அலுவலகத்துக்கு வந்தான். ஒவ்வொரு மேசையாக நின்று நின்று போனவன், அக்காவின் மேசையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"எங்க போயிருந்தாங்க மேடம் இவங்கல்லாம்?"

"எங்கேயும் போகலை தம்பி," என்றாள் அக்கா. "முடிவெடுக்கவில்லையிலதான் உக்கார வெச்சிருந்தோம்."

அவன் அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டான்.

புதிய ஆட்சி வந்த இரண்டாம் மாதம் அந்தக் கேட்டு வழியாகப் பழைய பஸ் திரும்ப வந்தது. அதை அவள் என்னிடம் மூன்று தடவை சொன்னாள். தொழிற்சாலைக் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள், பூட்டு அப்படியே இருந்தது. நான்காம் மாதம் ஓர் அறிவிப்பு வந்தது. கடந்த முப்பது வருடத்தில் ஆற்றைத் தாண்டி வந்தவர்கள் எல்லோரும், குடியுரிமை வாங்கியிருந்தாலும், காகிதங்களைக் கொண்டுவந்து மறுபடி பதிந்துகொள்ள வேண்டும். கூடவே இங்கேயே பிறந்த ஒருவர் சாட்சிக்கு வர வேண்டும்.

தேன்குரல் ஹெட்போனைக் கழற்றித் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அக்கா, வியாழக்கிழமை லீவு போடுங்க."

"எதுக்கு?"

"சாட்சிக்கு ஒரு வீட்டுக்காரர் வேணுமாம்."

"நான் வாடகை வீட்டுலல்ல இருக்கேன்," என்றாள் அக்கா. சொன்ன பிறகு, இது சிரிக்கிற இடமில்லை என்று அவளுக்கே தோன்றிவிட்டது. லீவு எழுதிக் கொடுத்தாள்.

பதிவு அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்டில், வேலை நடக்கிறது என்று அட்டை தொங்கியது, வேலை எதுவும் நடக்கவில்லை. ஒரு பெரிய கூடத்தில் இருபது நாற்காலிகள், முந்நூறு பேர். அவர்களுக்குக் கிடைத்த சீட்டு இருநூற்றுப் பன்னிரண்டு. தேன்குரலின் கணவர் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நின்றார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, "இது சும்மா ஒரு நடைமுறைதான்," என்று யாரிடமென்று இல்லாமல் சொன்னார்.

மதியம் ஆனதும் அக்கா கால் வலி தாங்காமல் படிக்கட்டில் உட்காரப் போனாள்.

"நீங்கதானே போட்டீங்க. நில்லுங்க," என்றாள் தேன்குரல்.

அதே தேன் குரல்தான். அக்கா எழுந்து நின்றாள். மாலை நான்கு மணி வரைக்கும் நின்றாள்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. "இவங்களை எத்தனை வருஷமாத் தெரியும்?"

"ஆறு வருஷமா."

"நடத்தை நல்லவங்களா?"

"இவ பேசினா யாரும் போனை வைக்க மாட்டாங்க சார். அதுவும் எப்படிப்பட்ட பேச்செல்லாம் கேட்டுட்டு..."

"ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ஆமா," என்றாள் அக்கா.

தேன்குரலின் காகிதத்தில் முத்திரை விழுந்தது, இரண்டு வருடத்துக்குச் செல்லும். அவள் கணவரின் காகிதத்தில் ஒரு தேதி அழிந்திருந்தது. பழைய பதிவேட்டிலிருந்து நகல் வாங்கிக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். அவர் நடைமுறை என்ற சொல்லை அதன் பிறகு எடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் முன்னால் வேகமாகப் படியிறங்கிப் போய்விட்டார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அக்கா நின்றாள். "செய்யமாட்டார்னுதான் நெனச்சேன் தேனு."

"தெரியும்."

"நெனச்சது தப்பு."

"அதுவும் தெரியும். இறங்குங்க, பின்னால ஆள் வர்றாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். பதிவு அலுவலகக் கூட்டத்தைப் படத்தில் பார்த்திருக்கிறாள். கொதித்துக்கொண்டிருந்தாள். "இதுக்குத்தாம்மா இந்த ஜனங்க ஓட்டுப் போட்டாங்க."

"இதுக்குப் போடலைடி."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான் போட்டேன்ல."

"நீயா?" என்றாள் மகள். "நான்தான்," என்றாள் அக்கா. பேச்சு அதோடு நின்றது.

சனிக்கிழமை காலையில் மகள் தோளில் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றாள், சொல்லாமல் கொள்ளாமல். ஐந்து மாதத்துக்குப் பிறகு வருகிறாள். தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தாள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். மெக்கானிக் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜைப் பழுது பார்க்கப் போனார். மகள் தேன்குரலைப் பற்றிச் சொன்னாள், அந்தக் கூடத்தில் நின்ற முந்நூறு பேரைப் பற்றிச் சொன்னாள், வரலாற்றிலிருந்து நான்கு நாடுகளை இழுத்துக்கொண்டு வந்தாள். அக்கா மூடிய கேட்டைப் பற்றியும் மூன்று மாத வகுப்பைப் பற்றியும் சொன்னாள். தேன்குரலைப் பற்றி மகள் சொன்னதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். மகள் இரண்டு தடவை அழுதாள், அக்கா ஒரு தடவை. நடுவில் சாப்பிட்டார்கள். மெக்கானிக் ஐந்து மணிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி போய்விட்டார்.

வெயில் சாய்ந்த பிறகு மகள் பையை எடுத்துத் தோளில் போட்டாள். "அடுத்த சனிக்கிழமையும் வர்றேன்," என்றாள். "நான் இன்னும் முடிக்கலை."

"வா," என்றாள் அக்கா. "எனக்கும் சொல்றதுக்கு இருக்கு."